இரண்டு நிமிட முனகல்

ரோந்தோனோபொலிஸ் நகர நெடுஞ்சாலையோரப் பட்டறையின் தகரக் கூரையில் மதிய வெயில் கொதிக்கிறது. ஓட்டுநர் வால்தெசிரின் லாரிக்கு அடியிலிருந்து மெக்கானிக் ஜுஸ்ஸாரா கையை நீட்டுகிறாள். உள்ளங்கையில், புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாய்க்குள் யூரியாத் தண்ணீரைப் பீய்ச்சும் சின்னக் குழல். அதன் வாயை உப்புப் போல வெள்ளைப் பொருக்கு அடைத்திருக்கிறது. எச்சரிக்கை விளக்கு அணையாததும், மூன்று வாரமாக வண்டி மேடேற மறுத்ததும் இதனால்தான். முந்தைய பட்டறையில் புகை வடிகட்டி மொத்தத்தையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்குப் பயந்து வால்தெசிர் லாரியை விற்க ஆள்கூடப் பார்த்துவிட்டார். அவள் குழலை வெந்நீரில் அலச, பொருக்கு சர்க்கரையாகக் கரைகிறது. திரும்ப மாட்டி, மேடுவரை ஓட்டிவிட்டு வருகிறார்கள். விளக்கு அணைந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திக் கீழே இறங்கியதுமே வால்தெசிரின் கை பழக்கத்தில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சுக்குப் போகிறது. ஜுஸ்ஸாரா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

“இந்தக் கைதாண்ணே எல்லாத்துக்கும் காரணம். சித்த நேரம் சும்மா நில்லுங்க. சத்தம் கேக்குதா?”

வண்டிக்கு அடியில் கொசு முனகுவது போல ஒரு பம்பு ஓடுகிறது.

“குழாயில மிச்சமிருக்கிற யூரியாவத் திரும்ப உறிஞ்சுது. ரெண்டு நிமிஷ வேலை. நீங்க தெனமும் பாதியிலயே கரண்டப் புடுங்கிருக்கீங்க. மிச்சம் சூட்டுல காஞ்சு கல்லாயிருச்சு.”

“பேட்டரி எறங்கிடுமேன்னு பயந்தேன் தாயி. வண்டியவே வித்திருப்பேனே.”

முனகல் ஓய்கிறது. சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, லாரியின் பக்கவாட்டுச் சமையல் பெட்டியைத் திறந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். அவரிடம் இருப்பது ஒரே கோப்பை. காப்பியை அதில் ஊற்றி அவளிடம் நீட்டிவிட்டு, தனக்கு பிளாஸ்க் மூடியில் ஊற்றிக்கொள்கிறார்.