போயிட்டு வரேன்

கல்யாண மண்டபங்களில் ஊரார் குடும்பங்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துப் பிழைத்த தணிகைவேல், தன் வீட்டில் தனியாளான பிறகு வருஷம் தவறாமல் ஜப்பானுக்குப் போகத் தொடங்கினார். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று கேட்டால் பாசி, மழை, மரக்கதவு என்று எதையாவது சொல்லி வைப்பார். அவரை இழுத்தது ஒரு சொல். அங்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘இத்தேகிமாசு’ என்கிறார்கள். போயிட்டு வரேன். அட்சரம் பிசகாமல் அதேதான்.

மனைவி வனஜா பெட்டியோடு வாசலில் நின்ற காலையில் அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போறேங்க.”

“ம், பாத்துப் போ,” என்றார், தலையைத் தூக்காமல். அவள் சொன்னதில் ‘வரேன்’ இல்லை என்பது ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

இந்த முறை மலையடிவாரத்து விடுதியில் பத்து நாள் தங்கினார். ஊருக்குக் கிளம்பும்போது விடுதிக்கார அம்மாளைக் கும்பிட்டு, “இத்தேகிமாசு,” என்றார். நம் ஆட்களுக்கு வேறெப்படிச் சொல்ல வரும்? அங்கேயோ அது, அந்த வீட்டுக்கே திரும்பி வரப்போகிறவர் சொல்வது. அந்த அம்மாள் அவர் பெட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல, “இத்தேராஷ்ஷை,” என்றாள். போயிட்டு வா.

பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். விடுதி வாசலில் அவள் குனிந்து, அவர் கழற்றிவிட்டு வந்த, வீட்டுக்குள் போடும் செருப்பை, உள்ளே வருகிறவருக்கு வாகாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. ஓட்டுநர் ஏதோ கேட்டார்; ஏறுகிறீர்களா என்றுதான் இருக்க வேண்டும். தணிகைவேலுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அந்த ஒரு சொல்தான். அதையே சொன்னார்.