கையை விரித்தால்

“ரெண்டு கையையும் நல்லா விரிச்சா முதுகுத் தையல் விடக் கூடாது, மாஸ்டர்,” என்றார் கோட்டுக்கு அளவு கொடுத்த பெரியவர்.

“கோட்டு போட்டுக்கிட்டு எதுக்கு சார் கையை விரிக்கணும்? பேத்தி கல்யாணத்துல டான்ஸா?” என்று சிரித்தார் டெய்லர்.

“அதை விடப் பெரிய விசேஷம்!” பெரியவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“எப்ப வேணும்?”

“சீக்கிரம் வேணும். டாக்டர் கையை விரிச்சிட்டாரு, ஒரு மாசம்தானாம். பெட்டியில இதைப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கப் போறேன்.”

டெய்லர் கையிலிருந்த டேப் நழுவியது. “அப்புறம்... கையை விரிக்கிறது?”

“இயேசு எழுப்புவார்னு நம்பித்தானே படுக்கறேன்? எழுந்ததும் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டாமா?”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பட்டனையும் கெட்டியாத் தைங்க, மாஸ்டர். அவருக்கு அடுத்து இவரைக் கட்டிப்பிடிக்கப் போறது நான்!”