பிளேஓஃப் தாடி

தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஓஃப் சுற்று தொடங்கினால், தாங்கள் ஆதரிக்கும் ஐஸ் ஹொக்கி அணி தோற்கும்வரை அந்த மூன்று நண்பர்களும் தாடி எடுப்பதில்லை. தோற்றால் மூவரும் ஒன்றாகச் சலூனுக்குப் போய்த் துக்கத்தோடு மழிப்பார்கள். இந்த வருடம் அணி வென்றுகொண்டே போனது. மூவரில் ஒருவரான சிவகடாட்சத்தின் மகளுக்கோ ஞாயிற்றுக்கிழமை கலியாணம். "உந்தத் தாடியோட மணவறைப் பக்கம் வந்திடாதேங்கோ" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

நேற்று நடுவர் அவர்களுடைய அணியின் ஒரு கோலைச் செல்லாது என்றார். அணி வெளியேறியது. சிவகடாட்சம் டிவியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அந்த நடுவர் பிள்ளைகுட்டியோடு நல்லாயிருக்கட்டும் என்று நினைத்தபடி கன்னத்தில் நுரை பூசினார்.

காலையில் கோப்பிக் கடை வாசலில்தான், மூவரும் ஒன்றாகப் போகவேண்டிய சலூன் நினைவு வந்தது. நல்ல வெயிலில், காரில் கிடந்த மஃப்ளரை எடுத்து மூக்குவரை சுற்றிக்கொண்டு உள்ளே போனார். யோகேந்திரனும் பாலச்சந்திரனும் ஏற்கெனவே மஃப்ளருக்குள் இருந்தார்கள்.

"தொண்டை சரியில்லை" என்றார் சிவகடாட்சம்.

"எனக்கும்தான்" என்றார் யோகேந்திரன். "அந்த விசில்காரனுக்குக் கண் பொட்டையோ?"

"அதை விடும். நல்ல கோல்கீப்பரைத் தூக்கி மற்ற அணிக்குக் குடுத்தவங்கள் எல்லோ, அங்கதான் பிழை!" பாலச்சந்திரன் மேசையில் தட்டினார். தட்டிய வேகத்தில் அவருடைய மஃப்ளர் சரிந்தது. வழுவழுவென்ற தாடையில் புதிதாக ஒரு பிளேட் கீறல்.

மேசையில் மூன்று கோப்பியும் தொடுவாரின்றி ஆறிக்கொண்டிருந்தன. சிவகடாட்சத்துக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

"பின்னேரம் சலூனுக்குப் போவமோ?" என்று மெல்லக் கேட்டார் யோகேந்திரன்.

"போகத்தானே வேணும்" என்றார் சிவகடாட்சம், மஃப்ளரை இறுக்கிக்கொண்டு.