எதிர்ச் சுவர்

பயிற்சி அறையில் இருந்த பொம்மை அந்த வாரத்தில் மட்டும் பதினான்கு முறை செத்திருந்தது. ஒவ்வொரு முறையும் பயிற்சி மருத்துவர் ஷமீமா அதன் நெஞ்சை அழுத்துவதை நிறுத்திவிட்டு, எதிர்ச் சுவரில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, இறந்த நேரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே முறை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பொம்மையை இயக்கும் இருதயராஜ், "சரி டாக்டர், உசுரு குடுத்துடறேன், மறுபடி ஆரம்பிங்க" என்று மைக்கில் சொல்வார். பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கும். வியாழக்கிழமை காலை, வார்டில் ஒன்பதாம் கட்டிலில் இருந்த லாரி டிரைவருக்கு இதயம் நின்றது. ஷமீமா முப்பது நிமிடம் அழுத்தினாள். எதையும் தவறாகச் செய்யவில்லை. "போதும் டாக்டர், டைம் சொல்லுங்க" என்றார் நர்ஸ். "பத்து நாற்பத்திரண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஷமீமா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவர். கைகளைத் திரும்பவும் டிரைவரின் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கால்மாட்டில் நின்றிருந்த அவருடைய மனைவி அழவில்லை. டாக்டரின் பார்வை போன இடத்தையே அவளும் பார்த்தாள். "அங்க யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள். ஷமீமா கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கம்மா."