அப்பா, ஜி.எஸ்.டி. தனி

‘அப்பா’ என்ற ஒரு சொல்லை உறுதி செய்ய அல்சூரில் அன்றைய விலை பதினோராயிரம் ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஹெர்பர்ட் அதற்கும் பேரம் பேசினார்.

“ரெண்டு பேர் எச்சிலுக்குப் பதினோராயிரமா? என் நர்சரியில மூணு செடி வாங்கினா ஒரு தொட்டி ஃப்ரீயா குடுக்கிறேன்மா.”

“அங்கிள், இது லேப்,” என்றாள் கவுன்ட்டரில் இருந்த கன்னடப் பெண் மமதா. “ஸ்வல்ப உட்காருங்க. ரிப்போர்ட் பிரின்ட் ஆகுது.”

நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான் ரயான். முப்பத்தொரு வயது மகன். ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டு வாசலில் ஏறி, இருவரும் தனித்தனி ஆட்டோவில் வந்திருந்தார்கள்.

“அம்மா போயி ஒரு வருஷம்கூட ஆகல,” என்றான் சுவரைப் பார்த்து. “இப்ப போய் அவங்க மேல சந்தேகம். உங்க மருமக கேரலுக்கு ஆறு மாசம், டாடி. பேரப்பிள்ளை வரப்போற நேரத்துல கேக்கற கேள்வியா இது?”

“அதனாலதான்டா இப்பவே கேக்கறேன்.”

“நான் வந்ததே அம்மா பேரைக் காப்பாத்தத்தான். உங்களுக்காக இல்ல.”

ஹெர்பர்ட் தனக்குத் தெரிந்த பாஷையில் இறங்கினார். “வெள்ளை அந்திமந்தாரைக்கு வெள்ளை அந்திமந்தாரை ஜோடி சேர்ந்தா, நாத்து பூராவும் வெள்ளைதான் பூக்கும். எனக்கும் பூனைக்கண்ணு, உங்கம்மா பிரிஜெட்டுக்கும் பூனைக்கண்ணு. உனக்கு மட்டும் கருப்பு எங்கேருந்துடா வந்துச்சு?”

“நான் என்ன செடியா, டாடி?”

காத்திருந்த மற்றவர்கள் செல்போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். காது மட்டும் வெளியே இருந்தது.

பாக்கியைக் கட்டிவிட்டு ரசீதில் கையெழுத்துப் போட ஹெர்பர்ட்டுக்கு மூன்று தடவை ஆயிற்று. பேனா துள்ளித் துள்ளிக் கோட்டைத் தாண்டியது. இந்த வயசிலும் இவ்வளவு கோபமா என்று மமதா நினைத்துக்கொண்டாள்.

அவள் நீட்டிய உறையை ரயான் பறித்துப் பிரித்தான். படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போயிற்று.

“சந்தோஷமா?” என்று பேப்பரைக் கவுன்ட்டரில் வீசினான். “முப்பத்தொரு வருஷமா டாடின்னு கூப்பிட்டேன். ஒரு பேப்பருக்காக அதைக் குப்பையில போட்டுட்டீங்க. இன்னிக்கே கேரலைக் கூட்டிட்டு வேற வீடு போறேன். தேடி வராதீங்க, மிஸ்டர் ஹெர்பர்ட்.”

கண்ணாடிக் கதவு ஆடி நின்றது. கூப்பிட வாயெடுத்த ஹெர்பர்ட், மூடிக்கொண்டார். இனி அந்த வீட்டில் அவர் குரலுக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை, தொட்டிகள் இருக்கின்றன.

மமதாவுக்கு மனசு கேட்கவில்லை. “இருந்த ஒரே பிள்ளையையும் அனுப்பிட்டீங்களே, அங்கிள். இதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது?”

“சாம்பிள் ஒண்ணும் மாறிப் போயிருக்காதே?”

“ரெண்டு தடவை பாத்தாச்சு. அவருக்கும் உங்களுக்கும் ரத்த சம்பந்தமே இல்ல.”

ஹெர்பர்ட் நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கன்னம் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மமதா கலங்கிப் போனாள். “ஆட்டோ இன்னும் சிக்னல்லதான் நிக்குது. ஓடிப்போய்க் கூப்பிடட்டுமா?”

“வேணாம்மா. விஷயம் தெரிஞ்சா, பொறக்கப்போற பிள்ளையைக் கொஞ்சாம எனக்குக் கஞ்சி ஊட்ட உட்காந்துடுவான்.”

“என்ன விஷயம்?”

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

“எங்க ரத்தத்துல வர்ற நரம்பு வியாதி. அம்பதைத் தாண்டினா ஆளைச் சாய்ச்சிடும். எங்கப்பா ஒண்ணு, அண்ணன் ரெண்டு, நான் மூணு. நாலாவது ஆள் இல்லம்மா.”