ஜாகிர் கேட்ட மன்னிப்பு

"மைனி, அண்ணன் காது மெஷினைக் கழட்டிட்டாரா?"

"அதையேன் கேக்குறீங்க தம்பி! பத்து மணிக்கே கழட்டி டப்பாவுல போட்டுட்டாரு. கூட்டம் வந்துட்டா தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து மண்டைக்குள்ள இடிக்குதாம். கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை வத்திப் போச்சு லா" என்றாள் அண்ணன் மனைவி ரஹ்மத், பிரியாணித் தட்டை நீட்டியபடி.

ஜாகிருக்கு அப்பாடா என்று இருந்தது. லூமுட்டிலிருந்து ஈப்போவுக்குக் காரோட்டி வந்த வழி நெடுக அவன் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

வருடத்துக்கு ஒருமுறை, நோன்புப் பெருநாளன்று, அண்ணன் ரஹீம் வீட்டில் தலையைக் காட்டுவான். அன்றைக்கு மூத்தவர் கையைப் பிடித்து மலாயில் 'மாஃப் ஸாஹிர் பாத்தின்' என்று சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு எல்லாரும் மன்னிப்புக் கேட்பார்கள். ஜாகிரும் ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போவான். ஆனால் அவன் கேட்கவேண்டிய மன்னிப்பு வேறு. நாற்பது வருடமாகத் தொண்டைக்குழியிலேயே நிற்கிறது.

போன மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, இதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று நடுங்கிப்போனான். சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அண்ணன் காதில் விழக் கூடாது. விழுந்தால் அதோடு உறவே அறுந்துவிடும். ஆக, மெஷின் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டியது. நாளைக்கு மறுமையில் கேள்வி வந்தால், 'கேட்டேன், அவரும் மன்னித்தார்' என்று சொல்லிக்கொள்ளலாம். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்!

கூடத்து சோபாவில் ரஹீம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அவர் கையை முத்தமிட்டு முணுமுணுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"சரி சரி, மன்னிச்சாச்சு. போய்ச் சாப்பிடு."

பக்கத்து வீட்டு மாப்பிள்ளை குனிந்த வாக்கில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டான். அவனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஜாகிருக்கு இன்னும் தெம்பு வந்தது.

கூட்டம் சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்ததும் அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ரஹீம் அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"என்னடா இப்படி இளைச்சுட்டே? எங்கே, மூஞ்சியைக் காட்டு."

பிடித்த கையை எடுக்கவும் இல்லை. ஜாகிர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, நம்ம அத்தா கோலா கங்சார் எஸ்டேட்ல கடை வெச்சிருந்தப்போ, பெருநாளுக்கு மொத நாளு மூங்கிலை வெட்டி பீரங்கி செஞ்சு வெடிச்சோமே... உங்க இடது காது போனதே அதுலதானே? அதைக் கொளுத்தினது சீனி இல்ல. நான்தான்."

ரஹீம் தலையாட்டினார்.

"பீரங்கிக்குள்ள கார்பைடு மருந்தை அள்ளிப் போட்டதும் நான்தான். அத்தா பிரம்பை எடுத்ததும் பயந்துபோய் சீனியைக் கையைக் காட்டிட்டேன். உங்க உசிருக்கு உசிரான கூட்டாளி அவன். நான் இல்லன்னு எத்தனை நாளு வாசல்ல வந்து நின்னு அழுதான்! நீங்க கதவைத் தொறக்கல. நான் உள்ள நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேண்ணே. வாயைத் தொறக்கல."

அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதன் பொலபொலவென்று அழுதான்.

ரஹீம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் முதுகைத் தட்டினார்.

"சரி சரி, மன்னிச்சாச்சு."

அவ்வளவுதான். பெரிய பாரம் இறங்கிவிட்டது ஜாகிருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நல்ல பசி எடுத்தது. அண்ணி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், ரஹீம் தொப்பியை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

"வீடு நெறைய ஆளை வெச்சுக்கிட்டு எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்று பின்னாலிருந்து அவர் காதருகில் கத்தினான்.

"பின்னால நின்னு கத்துனா எனக்கு எப்படிடா தெரியும்? முன்னால வந்து சொல்லு" என்றார் ரஹீம், அவன் பக்கம் திரும்பி. "மத்தியானக் கூட்டத்துல நம்ம சாப்பாட்டுக் கடையில இந்த மெஷின் எதுக்கும் ஆகாது லா. பத்து வருசமா ஆளுங்க வாய் அசையறதைப் பார்த்தேதான் ஆர்டர் எடுக்குறேன்."

ஜாகிர் தட்டு இல்லாத கையால் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"தட்டை வெச்சுட்டு வந்து கார்ல ஏறு. சீனி இப்போ இங்க பக்கத்துல லகாட்லதான் இருக்கானாம். என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட ஒண்ணு விடாம சொல்லு. மெல்லமாவே சொல்லலாம், அவனுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்."