மூன்றாவது பட்டன்

தலைமையாசிரியை அவ்வீட்டினுள் காலடி வைத்த வேளையில், தையற்காரியின் கணவர் தமது சட்டைக்குள் தலை சிக்கித் தவித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது? பட்டனைக் கழட்டிட்டுப் போட வேண்டியதுதானே?"

"கழட்ட முடியாதுங்க டீச்சர்," என்றது சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல். "மூணாவது பட்டன் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைச்சிருக்கு. பிரிக்கவும் கூடாது. மேலிடத்து உத்தரவு!"

ஒருவழியாகத் தலை வெளிப்பட்டது. தபால்காரரான அவரது சீருடைச் சட்டை அது. முதற் பொத்தான் சிவப்பு நூலில். இரண்டாவது பச்சை நூலில். மூன்றாவதோ, சட்டையின் இரு பாதிகளையும் இனிப் பிரியவே விடுவதில்லை என்று பற்றிக்கொண்டிருந்தது.

தையற்காரியின் முகம் வெளிறியது. நூற்றைம்பது பிள்ளைகளுக்கான பள்ளிச் சீருடை ஆர்டருக்காக வந்திருக்கிறார் தலைமையாசிரியை. அது கிடைத்தால், இரவல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம்.

"ஏம்மா, கட்டின புருஷன் சட்டையே இந்த லட்சணத்துல இருக்கு. எங்க பிள்ளைங்க கதி என்னாகும்?"

தலைமையாசிரியை நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"டீச்சர், அது வந்து... இவ தைக்கல..." என்று தபால்காரர் வாயெடுத்தார்.

தையற்காரி கண்ணாலேயே அதட்டினாள். கதவுக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன.

"என் கவனக்குறைவுதாங்க, டீச்சர். வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

சின்னக் கால்கள் பாய்ந்து வந்தன.

"அம்மா! நான் தைச்சதை நீ தைச்சேன்னு சொல்றியே, இது நியாயமா?"

எட்டு வயது மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீயா தைச்சே?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா. போன வருஷம் துணி மடிக்கிற வேலை. இந்த லீவுலேர்ந்து பட்டன் டிபார்ட்மென்ட் என்னோடது. மூச்சு விட நேரமில்ல டீச்சர். அப்பா சட்டையில தினமும் ஒரு பட்டன் பிஞ்சிடுது!"

"தினமுமா?"

"சாயங்காலம் வரும்போதே ஒண்ணைக் கையில வச்சிருப்பாரு. மட்டமான துணி."

தபால்காரர் மேற்கூரையை ஆராயத் தொடங்கினார். தையற்காரி, இல்லாத நூலை ஊசியில் கோத்தாள்.

தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் தொங்கிய ஒரு கவுனை உட்புறம் புரட்டி, அதன் தையலை விரலால் தடவினார். நாற்காலியில் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தை மீண்டும் திறந்தார்.

"நூத்தம்பது செட். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வேணும்." பிறகு மகளிடம் திரும்பினார். "ஏன் பாப்பா, என் கைப்பையிலயும் ஒரு பட்டன் பிஞ்சு போச்சு. உன் டிபார்ட்மென்ட்டுல கவனிப்பீங்களா?"

"குடுங்க, பாக்கலாம்," என்று பெருமூச்சுடன் கை நீட்டினாள் மகள். "யாருமே சாமானை ஒழுங்கா வச்சுக்கிறதில்ல!"

இரட்டை நூலில் இறுகியிருந்த அந்தப் பொத்தானை நோட்டுப் புத்தகத்தின் மறைவில் தலைமையாசிரியை திருகிப் பிய்த்ததைக் கண்டவர் தபால்காரர் ஒருவரே. நாள்தோறும் அதே காரியத்தைச் செய்து பழகியவர் அல்லவா!